வீட்டுக்கேற்ற நாய்: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

வன்னியில் பாதுகாப்புக்கு ஒரு நாய் வேண்டும் என்று நினைக்காத பெண்கள் குறைவு. 2009 இற்குப் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களில் கணிசமானவை பெண்களைத் தலைமையாகக் கொண்டவை. இரவில் படலையடியில் ஆளரவம் கேட்டால் குரைத்து எழுப்ப ஒரு நாய் இருப்பது, பிள்ளைகளுடன் தனித்திருக்கும் தாய்க்குப் பெரிய ஆறுதல். ஆனால் எவ்வகை நாய், யார் பராமரிப்பது, எங்கே படுக்கவிடுவது என்பவற்றை முன்கூட்டியே யோசிப்பவர்கள் சிலரே. ஆசையோடு வாங்கிய குட்டி சில மாதங்களில் சந்தையடியிலோ வீதியோரத்திலோ விடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இடம் எவ்வளவு?

இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வன்னியில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் எம்மவர் சிலரின் வீடுகளும் இதைவிடப் பெரியவை அல்ல. ஆனால் இங்கு வீட்டைச் சுற்றி வளவு உண்டு. தொடர்மாடியில் அது இல்லை. கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருப்போரின் நிலையும் தொடர்மாடியை ஒத்ததே. அத்தகையோர் நாய் வாங்குமுன் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுவது அவசியம்.

சிறிய வீட்டுக்குச் சிறிய நாய் என்ற எண்ணம் முழுவதும் சரியானதல்ல. உருவத்தைவிட, நாயின் சுறுசுறுப்பும் குரைக்கும் இயல்புமே முக்கியமானவை. பொமரேனியன் சிறியதுதான், ஆனால் சிறு சத்தத்துக்கும் குரைக்கும். ஜக் ரஸல் மடியில் அடங்கும். ஆனால் ஓடி விளையாடாவிட்டால் வீட்டையே குழப்பிவிடும். உயரமான கிறேஹவுண்டோ நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும்.

சிங்கப்பூரின் அரச அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். எனினும் 2012 முதல், தெருவிலிருந்து மீட்கப்பட்ட கலப்பின நாய்களுக்கும் நிபந்தனைகளுடன் இடமளிக்கின்றார்கள்.

எமது ஊர் நாய்

அல்சேஷன், றொட்வைலர் போன்ற நாய்கள் மீது பலருக்கும் மோகம் உண்டு. அடர்ந்த ரோமமுள்ள அல்சேஷன் வன்னி வெயிலில் தவிக்கும். இடுப்பு மூட்டு நோயும் அவ்வினத்தில் அதிகம். உணவுச் செலவும் மருந்துச் செலவும் நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்குத் தாங்காதவை. எமது ஊர் நாய்க்கோ ரோமம் குறைவு. அது வெயிலைத் தாங்கும், வீட்டாரை அறியும், அந்நியரைக் கண்டால் எச்சரிக்கும். காவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. முடிந்தால் தாய் நாயையும் பாருங்கள். அதன் குணம் பெரும்பாலும் குட்டியிலும் தெரியும். மூலையில் ஒளிந்து நடுங்குவதையும் எந்நேரமும் கடித்துச் சண்டையிடுவதையும் தவிர்த்து, கூப்பிட்டால் அருகே வந்து மோப்பம் பிடிக்கும் குட்டியைத் தெரிவு செய்யுங்கள். கண்ணும் மூக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். மெலிந்த உடலில் வயிறு மட்டும் ஊதியிருந்தால் பூச்சித் தொல்லை இருக்கலாம்.

பெட்டைக் குட்டி என்றால் பலர் வாங்க மறுக்கின்றனர். வீதியில் விடப்படுபவற்றில் பெட்டைகளே அதிகம். காவலில் பெட்டை எவ்விதத்திலும் குறைந்ததல்ல. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் குட்டித் தொல்லையும் இல்லை. பெண் பிள்ளைகளைச் சுமையாகக் கருதிய பழக்கம் நாய்க்குட்டி வரை வந்திருப்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

பராமரிப்பு யாருடைய வேலை?

நாய் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். முடிவில் சோறு வைப்பதும் கழிவை அள்ளுவதும் தாயின் தலையில் விழும். ஆகவே வாங்குமுன் யார் எந்த வேலையைச் செய்வது என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். வளவு இல்லாத வீட்டில் காலையும் மாலையும் நடக்கக் கூட்டிச் செல்ல ஒருவர் வேண்டும். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் நல்ல காவல்நாய் ஆகாது. மூர்க்கமாகி வீட்டுப் பிள்ளையையே கடிக்கவும் கூடும்.

விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான தடுப்பூசியைக் குட்டியிலேயே தொடங்கி வருடந்தோறும் போட வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரச மிருக வைத்தியரிடமோ விசாரியுங்கள். வீட்டு நாயோ வெளி நாயோ கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. எனவே கைவைத்தியத்தில் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.

உங்கள் வீட்டின் அளவு, வருமானம், நேரம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்த பின் குட்டியைத் தூக்குங்கள் சகோதரிகளே. இப்போதைக்கு முடியாது என்று தோன்றினால் வாங்காமல் விடுவதும் நல்ல முடிவே.