மீன்தொட்டியில் பாசி: எந்த உயிரியை வாங்குவது?

புதிய மீன்தொட்டி வைத்து ஒரு மாதம் ஆவதற்குள் கண்ணாடியில் பச்சை படர்கிறது. கல்லிலும் செடியிலும் வழுவழுப்பு ஏறுகிறது. பிள்ளைகள் மீனைப் பார்க்க முடியவில்லை என்று முறையிடுகிறார்கள். கடைக்காரரிடம் சொன்னால், “ஒரு ராங்க் கிளீனர் வாங்கிப் போடுங்கோ, எல்லாவற்றையும் தின்றுவிடும்” என்கிறார். நாமும் வாங்கி விடுகிறோம்.

நானும் ஒருமுறை அப்படி வாங்கினேன். சிறுவர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த இரண்டடித் தொட்டியில் விட்டபோது அந்த மீன் இரண்டு அங்குலம்கூட இல்லை. இரண்டு வருடத்தில் ஓர் அடியைத் தாண்டிவிட்டது. பாசி தின்பதை அது எப்போதோ குறைத்துவிட்டது. அதன் கழிவால் தண்ணீர் முன்னையிலும் மோசமானது. “குளத்தில் விட்டுவிடுவோம்” என்று பையன்கள் வாளியுடன் புறப்பட்டார்கள். அருகில் நின்ற வயதான கமக்காரர் ஒருவர், “இது குளத்தில் குஞ்சு பொரித்தால் பிறகு ஆர் பிடிக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. மீனை, பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தோம்.

இடம்பெயர்ந்து வந்து சிறு வளவில் வாழும் குடும்பங்களிலும் இன்று மீன்தொட்டிகளைக் காண்கிறோம். சிலர் பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறார்கள். சிலர் கப்பி, மொலி வளர்த்து விற்றுச் சிறு வருமானம் பெறுகிறார்கள். இவர்களுக்கு ஒவ்வொரு ரூபாவும் கணக்கு. ஆகவே பாசிக்கென்று ஓர் உயிரியை வாங்குமுன் சில விடயங்களை அறிந்துகொள்வது நல்லது.

பாசி ஏன் வருகிறது?

பாடசாலைப் புத்தகத்தில் அல்கா என்று படிக்கும் இந்தப் பாசி, பயிரைப் போன்றதுதான். அதற்கு வெளிச்சமும் பசளையும் வேண்டும். தொட்டியில் பசளை எங்கிருந்து வருகிறது? மீன் தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அழுகி முதலில் அமோனியாவாகி, பின்னர் நைத்திரேற்றாக மாறுகின்றன. யூரியா போட்ட வயலில் நெல்லுக்குக் கிடைப்பதும் இதே சத்துத்தான். அதனால்தான் பசளை மிஞ்சிய வயல் தண்ணீரிலும் பாசி மிதக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டப் பயிர்ச்செய்கை மிகுந்த இடங்களில் பல கிணறுகளின் தண்ணீரிலேயே நைத்திரேற்று அதிகம். பசளையும் மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணம். அத்தகைய கிணற்று நீரைத் தொட்டிக்கு ஊற்றும்போது பாசிக்கான பசளையையும் சேர்த்தே ஊற்றுகிறோம்.

இங்கே ஓர் அடிப்படை உண்மையை மனதில் வையுங்கள். பாசி தின்னும் உயிரியும் கழிவு போடும். அது தின்ற பாசியின் பெரும்பகுதி சத்து மீண்டும் தண்ணீருக்கே வருகிறது. ஆகவே உயிரியை விட்டால் கண்ணாடி துப்புரவாகலாம், பாசி வருவதற்கான காரணம் தீராது. முதல் வேலை நம்முடையது.

1. தொட்டியை யன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மின்குமிழை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.

2. இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு தீனியே போடுங்கள்.

3. கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அகற்றிய தண்ணீரை மிளகாய்க் கன்றுக்கோ கத்தரிக்கோ ஊற்றலாம். அது நல்ல பசளை. உப்போ மீன் மருந்தோ கலந்த நீரை மட்டும் பயிருக்கு விடாதீர்கள்.

4. ஐதரில்லா போன்ற விரைவாக வளரும் நீர்ச்செடியை நிறைய வையுங்கள். மணி பிளான்ற் கொடியின் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டாலும் போதும். பாசிக்குப் போகும் சத்தை அவை எடுத்துக்கொள்ளும்.

5. முன்கண்ணாடியைப் பழைய பிளாஸ்ரிக் அட்டை ஒன்றினால் சுரண்டி விடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

இவற்றைச் செய்து ஒரு மாதம் பாருங்கள். பல தொட்டிகளுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

எந்தப் பாசிக்கு எந்த உயிரி?

எல்லாப் பாசியையும் தின்னும் உயிரி எதுவும் இல்லை. முதலில் உங்கள் தொட்டியில் இருப்பது எது என்று பாருங்கள்.

தண்ணீரே பச்சையாக இருந்தால் அதை மீனோ நத்தையோ தீர்க்காது. அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாசி. மூன்று நான்கு நாட்கள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக வைத்து, பின்னர் தண்ணீரை மாற்ற வேண்டும். குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பச்சைத் தண்ணீர் தீங்கல்ல. அதில் உண்டாகும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு நல்ல உணவு.

புதிய தொட்டியில் மண்ணிறத் தூள்போலப் படிவது பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகக் குறையும். நத்தைகள் இதை விரும்பித் தின்னும்.

கண்ணாடியில் பச்சைப் புள்ளியாகவும் படலமாகவும் ஒட்டுவதற்கும் நத்தையே ஏற்றது. நூல்போல நீளும் பச்சைப் பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறு இறாலுக்கு விடலாம்.

நீலப்பச்சையாகப் பாய்போல் படர்ந்து நாறுவது உண்மையில் பாசியன்று, ஒருவகைப் பற்றீரியா. அதை எந்த உயிரியும் விரும்பித் தின்பதில்லை. உறிஞ்சி அகற்றி, தொட்டியைத் துப்புரவாக வைப்பதே வழி.

வாங்கத் தகுந்தவை

மொலி மீன்: முதல் தெரிவாக இதையே சொல்வேன். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். மென்மையான பாசியை நாள் முழுதும் கொத்தித் தின்னும். சுண்ணாம்பு மிகுந்த வன்நீரில் நன்றாக வளரும். ஆகவே குடாநாட்டுக் கிணற்று நீர் அதற்கு ஒத்துப்போகும். முட்டையிடாமல் குஞ்சாகவே போடுவதால் விற்கவும் முடியும். பெரிய மீன்கள் குஞ்சைத் தின்னும். அடர்த்தியான செடி இருந்தால் குஞ்சுகள் ஒளிந்து தப்பும்.

நெரைட் நத்தை: கண்ணாடியைத் துப்புரவாக்குவதில் இதற்கு இணையில்லை. செடியைத் தின்னாது. இதன் குஞ்சுகள் வளர உவர்நீர் வேண்டுமாதலால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. ஒரேயொரு குறை, வெள்ளைப் புள்ளிபோன்ற முட்டைகளைக் கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிவைக்கும். வன்நீரில் இதன் ஓடும் உறுதியாக இருக்கும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 54 லீற்றர் கொள்ளும். அதற்கு இரண்டு மூன்று நத்தை போதும்.

சிறு இறால்: யப்பானிய இறால் ஐந்து சென்ரிமீற்றர் வரை வளரும். யப்பானியரான தகாஷி அமானோ தமது செடித்தொட்டிகளில் பாசிக்காக இதைப் பயன்படுத்தியதால் அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. இதுவும் நன்னீரில் பெருகாது. ‘செரி’ எனப்படும் சிவப்பு இறால் சிறியது, நன்னீரிலேயே பெருகும். இறாலை ஏஞ்சல் மீனோடும் தங்கமீனோடும் விட்டால் அது அவற்றுக்கு இரையாகிவிடும். செம்பு சிறிதளவு இருந்தாலும் இறாலும் நத்தையும் சாகும். மயில்துத்தம் கலந்த மீன் மருந்தைத் தொட்டியில் இடவேண்டாம். தோட்டத்தில் மருந்தடித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடவும் வேண்டாம்.

ஒற்றோ எனப்படும் சிறு கெளுத்தி: நான்கைந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது, சாதுவானது. ஆனால் புதிய தொட்டியில் பிழைப்பது கடினம். தொட்டி வைத்துச் சில மாதங்கள் சென்றபின், ஐந்தாறாகச் சேர்த்து விடவேண்டும். தொடக்கத்திலேயே பணத்தை இதில் போடாதீர்கள்.

யோசித்து வாங்க வேண்டியவை

சீயம் பாசிதின்னி என்னும் மீன் கறுப்புத் தாடிபோன்ற பாசியையும் தின்னும் சில மீன்களில் ஒன்று. ஆனால் பதினைந்து சென்ரிமீற்றர் வரை வளரும். மூன்று நான்கடித் தொட்டி வேண்டும். இதன் உடலிலுள்ள கறுப்புக் கோடு வால் செட்டையின் நுனிவரை போகும். இதுபோன்ற வேறு மீன்களும் இதே பெயரில் விற்கப்படுவதால் இந்த அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சீனப் பாசிதின்னி என்று விற்பது தாய்லாந்து, லாவோஸ் பகுதி ஆறுகளின் மீன். சிறிதாக இருக்கும்போது பாசி தின்னும். பெரிதானதும் சண்டைக்காரனாகி, மற்ற மீன்களின் உடலில் ஒட்டி அவற்றின் தோலை உரிக்கும். சிறு தொட்டிக்கு இது வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

முதலாவது, தொடக்கத்தில் சொன்ன ராங்க் கிளீனர். இது தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி. நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். எங்கள் நாட்டில் பொல்கொல்லை, விக்ரோறியா, கலாவாவி நீர்த்தேக்கங்களில் இது புகுந்து பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். வீட்டுத் தொட்டிகளுக்கென்று கொண்டுவரப்பட்ட மீன் இப்படித்தான் குளத்துக்குப் போனது. இதன் முள்ளும் கவசமும் வலையில் சிக்கினால் வலை கிழியும். சந்தையில் இதற்கு விலையும் இல்லை. மெக்சிக்கோவின் இன்பியெர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவர்களின் வலைகளை 2000ஆம் ஆண்டுகளில் இந்தக் கெளுத்தியே நிரப்பியது.

கமக்காரருக்கு இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்த மீன் முட்டையிடுவதற்காக மண்கரையில் ஆழமாக வளை குடையும். கரை அரிந்து விழும். குளக்கட்டின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இரண்டாவது, தங்க அப்பிள் நத்தை. 1980ஆம் ஆண்டளவில் இதை உணவுக்கென்று தென்னமெரிக்காவிலிருந்து தாய்வானுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்குவோர் இல்லாமற்போக, கைவிட்ட நத்தைகள் வாய்க்கால் வழியே வயலுக்குப் போயின. பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கும் பரவி இளம் நெற்பயிரை அடியோடு தின்றன. தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் குலையாக ஒட்டியிருக்கும் முட்டைகள் இதன் அடையாளம். தொட்டியில் கண்டால் சுரண்டி நசுக்கிவிடுங்கள். தொட்டிச் செடிகளையும் இது விட்டுவைக்காது.

காசு மிச்சம் என்று குட்டையிலிருந்து நத்தை பிடித்து வருவதும் நல்லதல்ல. ஆடுமாடு இறங்கும் குட்டைகளில் வாழும் சில நத்தைகள் கால்நடைகளின் ஈரல்தட்டைப் புழுவைச் சுமப்பவை. ஓடைகளில் கல்லோடு ஒட்டி வாழும், சிங்களத்தில் ‘கல் பாண்டியா’ எனப்படும் எங்கள் நாட்டு மீனையும் பிடிக்காதீர்கள். ஓடும் நீரில் வாழப் பழகிய அது தேங்கிய தொட்டி நீரில் துன்புறும்.

வாங்கிய பின்

பாசி தீர்ந்தால் இந்த உயிரிகள் பட்டினி கிடக்கும். வாரத்தில் இரண்டு நாள், அவித்து ஆறவைத்த கெக்கரிக்காய்த் துண்டு அல்லது கங்குன் இலை போடுங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். செடியோடு வந்த சிறு நத்தைகள் திடீரெனப் பெருகினால், தீனி கூடிவிட்டது என்று அறிந்து குறையுங்கள்.

கடையில் காசைக் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எவ்வளவு பெரிதாகும்? என்னிடமுள்ள பாசியை இது தின்னுமா? எனக்கு வேண்டாதபோது இதை யாரிடம் கொடுப்பேன்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் வாங்காதீர்கள். தொட்டியைக் கலைக்க நேர்ந்தாலும், வேறிடத்துக்குப் புறப்பட நேர்ந்தாலும் மீனைக் கடைக்கோ அயலவருக்கோ கொடுங்கள். வளர்க்க ஆளில்லாவிட்டால் கொன்று புதைப்பதே மேல். செடியைக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். தண்ணீரை நிலத்தில் ஊற்றுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றிலோ எதையும் விடாதீர்கள். சொந்த வயலுக்குத் திரும்பும் நாளிலும், இன்று தங்கியிருக்கும் ஊரிலும், அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் விதைப்பு நடக்கும்.