அத்தையார் கண்ட மும்பை

ஊரிலிருந்து முதன்முறையாக வரும் உறவினருக்கு மும்பையை ஒரே நாளில் காட்டுவது எப்படி என்பது நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறையேனும் எதிர்கொள்ளும் பிரச்சினை. இதற்கென்று நம்மிடம் வழிவழியாக வந்த ஒரு பட்டியல் உண்டு. கேட்வே, தாஜ் ஹோட்டல், மெரின் டிரைவ், நேரமிருந்தால் மகாலட்சுமி கோயில். சென்ற தை மாதத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்கள் அத்தையார் வந்திருந்தபோது, நாங்களும் அந்தப் பட்டியலையே நம்பிப் புறப்பட்டோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பழுதுபார்க்கும் வேலைக்காக ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு பாதையில் பகலில் ரயில்களை நிறுத்திவைப்பது இந்நகரின் வழக்கமாதலால், காலை ஏழு மணிக்கே செம்பூர் நிலையத்தில் ரயில் ஏறிவிட்டோம். விருந்தினரை அழைத்துச் செல்லும் அன்பர்கள் இதனை நினைவில் வைப்பது நலம்.

முதலில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையம். விக்டோரியா டெர்மினஸ் என்றே நம் பெரியவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி வகுத்த கட்டடம். பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1888இல் நிறைவெய்தியது. 2004இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இவ்விடத்தை ஒட்டியிருந்த போரிபந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16ஆம் நாள் இந்நாட்டின் முதல் பிரயாணி ரயில் தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிற்று. இவற்றையெல்லாம் நாங்கள் விளக்கிக்கொண்டிருக்க, அத்தையார் மேற்கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுக இங்கதான் வந்து எறங்கியிருப்பாகளோ?"

மதராஸ் மெயிலில் வந்திருந்தால் இங்கேதான், தாதரில் இறங்கினாலும் இறங்கியிருக்கலாம் என்று மறுமொழி சொல்லி, மேலே நடந்தோம்.

கேட்வே வாயிலில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக எழுப்பிய நினைவு வாயில் இது. ஆனால் அவர் கண்டதெல்லாம் அட்டையால் செய்த மாதிரியைத்தான். கல் வாயில் திறக்கப்பட்டதோ 1924இல். 1948 பிப்ரவரி 28ஆம் நாள் கடைசி ஆங்கிலப் படைப்பிரிவு இதே வாயில் வழியாகக் கப்பலேறிற்று. வந்ததைவிடப் போனதற்கே இவ்வாயில் பொருத்தம் என்று நாங்கள் சொன்னதற்கு, அத்தையார் மரியாதைக்காகச் சிரித்தார். எலிபெண்டாத் தீவுக்குப் படகிலேயே ஒரு மணி நேரம் ஆகுமாதலால், அதனை மறுநாளைக்கென்று ஒதுக்கினோம். மெரின் டிரைவைக் காரிலிருந்தபடியே காட்டினோம்.

அங்கே கடலைப் பார்த்தபடி அவர் கேட்டார். "அவுக இருந்த தாராவி இங்கிருந்து எந்தப் பக்கம்?"

ஒரு கணம் நாங்கள் பேசவில்லை. மாமா தாராவியில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர். எங்கள் தந்தையாரை ஊரிலிருந்து அழைத்து வந்து, தம் பாயில் பாதியைக் கொடுத்தவரும் அவரே. தந்தையார் பின்னர் செம்பூருக்குக் குடிபெயர்ந்தார். நாங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தோம். செம்பூரிலிருந்து தாராவி அரைமணி நேர வழி. ஆயினும் எங்கள் பட்டியலில் அதற்கு இடமிருந்ததில்லை. குடும்பத்தின் தொடக்கம் அங்கேதான் என்பதை அண்டை வீட்டாரிடமும் சொல்லியதில்லை. எங்கள் பிள்ளைகளிடமும் சொல்லியதில்லை. "இன்று நேரம் போதாது, அத்தை" என்றோம். "போதும்" என்றார் அவர்.

வழியில் மாட்டுங்காவில் பகலுணவு. 2017 முதல் முற்றிலும் பெண் ஊழியர்களே நடத்தும் ரயில் நிலையம் இங்கே இருக்கிறது என்றோம். அத்தையாரின் கவனமெல்லாம் கடைத்தெருவில் தொடுத்து வைத்திருந்த மல்லிகையிலும் கட்டுக்கட்டான வாழையிலையிலும் சென்றது. ஊர் விலையைச் சொல்லிப் பேரம் பேசினார், தோற்றார். சண்முகானந்தா அரங்கத்தையும் வெளியிலிருந்து காட்டினோம். 1963இல் திறந்து, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் எழுந்த அரங்கம் அது.

பிற்பகல் மூன்று மணிக்குத் தாராவி. அத்தையார் தம் பையிலிருந்து எடுத்த பழைய மணியார்டர் துண்டில், கணபதி கோயில் அருகில் என்பதற்குமேல் முகவரி இல்லை. இங்கே 1887இல் எழுந்த பெரிய மசூதியும், 1913இல் தமிழர் எழுப்பிய கணபதி கோயிலும் நம்மவர் இவ்விடத்துக்கு எவ்வளவு பழையவர் என்பதைக் காட்டும். பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடத்திலிருந்து பச்சைத் தோல் வந்துகொண்டிருந்தது. 1971இல் அக்கூடம் தேவனாருக்கு மாறிற்று. பதனிடும் தொழிலும் பின்னர் நலிந்து வெளியேறியது. இன்று சாலையோரத்தில் தோற்பைகளும் இடுப்பு வார்களும் விற்கும் கடைகளையே காண்கிறோம். மாமா வேலை செய்த இடம் எதுவென்று சொல்வார் ஒருவரும் இல்லை.

கோயிலுக்கு அடுத்த சந்தில், மறுநாள் இட்டிலிக்கு மாவரைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க எந்த ஊரு?" என்றார். விடியற்காலையில் இவ்வீடுகளில் வெந்து இறங்கும் இட்டிலிதான் சைக்கிளில் ஏறி நகரமெங்கும் போகிறது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் மாவரைப்பது நின்றது. அத்தையார் தாம் வந்த காரியத்தைச் சொன்னார். "அந்த வீடு இருக்காது ஆச்சி. ஆனா எல்லாம் இந்தக் கணக்குதான்" என்று தம் மாடியறையைக் காட்டினார் அந்த அம்மாள்.

செங்குத்தான இரும்பு ஏணி. எழுபத்தாறு வயதில் வேண்டாமென்று தடுத்தோம்; கேட்கவில்லை. மேலே பத்தடிக்குப் பத்தடி அறை. சன்னல் ஒன்று, அதற்கெதிரே ஒரு முழத் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். அக்காலத்தில் இப்படிப்பட்ட அறையில் எட்டுப் பேர் முறைவைத்துப் படுப்பார்கள் என்று தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தையார் நான்கு மூலையையும் பார்த்தார்.

"நல்ல காத்தோட்டமான எடமுன்னு எழுதுவாக" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வெகுநேரம் சிரித்தார். நாங்கள் எங்கே பார்ப்பது என்று அறியாமல் நின்றோம். அந்த அம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டு, இட்டிலி அரிசி என்ன விலை என்று அத்தையார் விசாரித்தார்.

கதவின்மேல் ஓர் எண் எழுதியிருந்தது. தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாகி, 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியதன் அடையாளம் அது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே என்பது விதி. "நாங்க மாடி" என்றார் அந்த அம்மாள். வெளியே போனால் இந்த இட்டிலியை யாருக்கு விற்பது என்றும் கேட்டார். எங்களிடம் விடையில்லை.

விடைபெறும்போது ஓர் எவர்சில்வர் தூக்கு நிறைய இட்டிலியும் பொடியும் கொடுத்தார். மாலையில் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போனோம். 108 படிகளையும் கண்டு அத்தையார், இன்றைக்கு ஓர் ஏணி போதும் என்று அடிவாரத்திலேயே அமர்ந்து கும்பிட்டார்.

வீடு திரும்பியபிறகே ஒன்று நினைவுக்கு வந்தது. எலிபெண்டாக் குகைகள் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அத்தையாரோ அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலையில் அந்தத் தூக்கைக் கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகத் திருப்பலாகாதென்று ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை அதில் நிரப்பினார். பள்ளி விடுமுறையில் இருந்த எங்கள் பிள்ளைகள் இருவரும், தாத்தா படுத்திருந்த இடத்தைப் பார்க்கவேண்டுமென்று செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னே படியிறங்கினார்கள்.