தொப்பியில் ஒரு பள்ளத்தாக்கு: ஜூலியா டிவிஷனின் உள்ளே ஓர் எட்டிப்பார்வை

இத்தாலிய ராணுவத்தின் ஆல்பினி மலைப்படை உங்கள் முன்னால் அணிவகுத்துப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டையில் என்ன பட்டை, எத்தனை நட்சத்திரம் என்றெல்லாம் தேடவே வேண்டாம். தொப்பியைப் பாருங்கள், போதும்! இடப்பக்கம் பின்னால் சாய்ந்த ஓர் இறகு. கறுப்பு என்றால் சிப்பாய். பழுப்புக் கழுகிறகு என்றால் இளநிலை அதிகாரி. வெள்ளை வாத்திறகு என்றால் மேஜரோ அதற்கு மேலோ. சிப்பாயின் இறகைச் செருகும் இடத்தில் ஒரு சின்னக் கம்பளிக் குஞ்சம் இருக்கும். அதன் பெயர் நாப்பினா. அதன் நிறம் இன்னொரு ரகசியத்தைச் சொல்லும். வெள்ளை என்றால் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், சிவப்பு இரண்டாவது, பச்சை மூன்றாவது. பட்டாலியன் தெரிந்துவிட்டதா? அப்படியானால் ஒரு காலத்தில் அந்த ஆளின் ஊரே தெரிந்த மாதிரி!

எனக்கு இந்தப் படையின் மேல் பித்துப் பிடித்ததே இந்த ஊர்க் கணக்கால்தான். 1861இல் ஒன்றான இத்தாலி, தன் காலாட்படையை வேண்டுமென்றே கலந்துகட்டி அமைத்தது. ஒரு ரெஜிமென்டில் இரண்டு வெவ்வேறு பகுதிப் பையன்களைச் சேர்த்து, மூன்றாவது ஒரு பகுதியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஒரே நாடு என்ற உணர்வு வரட்டும், உள்ளூர்க் கலகத்தில் உள்ளூர்ச் சிப்பாய் சேர்ந்துவிடாமல் இருக்கட்டும் என்று இரண்டு நோக்கம். ஆல்பினிக்கு மட்டும் நேர்மாறான விதி. மலையைக் காக்க அந்த மலையில் பிறந்தவனே வேண்டும் என்று ஜுசெப்பே பெருக்கெத்தி என்ற கேப்டன் வாதிட்டார். மலைப்படையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர் அவர்!

படை பிறந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். புதிதாக ஒரு படைப்பிரிவு என்று போனால் நிதியும் அரசியலும் குறுக்கே நிற்கும். போர் அமைச்சர் ரிக்கோத்தி என்ன செய்தார் தெரியுமா? ராணுவ மாவட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் சாதாரண ஆணைக்குள், மாவட்டக் கம்பெனிகள் என்ற பெயரில் 15 கம்பெனிகளை நுழைத்துவிட்டார். 1872 அக்டோபர் 15 அன்று நேப்பிள்ஸில் அரசர் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட்டார். மலைப்படை பிறந்தது கடற்கரை நகரத்தில்!

இனி நம் கதாநாயகி ஜூலியா. 1935இல் மூன்றாவது ஆல்பினி டிவிஷனாக, வடகிழக்கு மூலையில் உள்ள ஊதினே நகரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. அந்தப் பக்கத்து ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடர்தான் பெயருக்குக் காரணம். எட்டாவது ஆல்பினி ரெஜிமென்ட், ஒன்பதாவது ஆல்பினி ரெஜிமென்ட், மூன்றாவது மலைப் பீரங்கி ரெஜிமென்ட் என மூன்று தூண்கள். கூடவே பொறியாளர்கள், மருத்துவப் பிரிவு, சரக்குப் பிரிவு.

எட்டாவது ரெஜிமென்டின் பட்டாலியன் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தோல்மெத்ஸோ, ஜெமோனா, சிவிதாலே. மூன்றும் ஃப்ரியூலி பகுதியின் ஊர்கள். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பது போல இருக்கிறதல்லவா? அந்தந்த ஊரையும் அதைச் சுற்றிய பள்ளத்தாக்குகளையும் சேர்ந்த பையன்கள்தான் அந்தந்தப் பட்டாலியனில். அண்ணன் இருந்த கம்பெனிக்கே தம்பி போவான். பழைய ஆளை ‘வேச்சோ’ என்பார்கள், புதுப் பையனை ‘போச்சா’ என்பார்கள். சிவிதாலே பட்டாலியனின் முழக்கம்கூட இத்தாலிய மொழியில் இல்லை. ‘ஃபுவார்ச்சே சிவிதாத்’ என்று அவர்களுடைய ஃப்ரியூலி மொழியிலேயே இருந்தது. ஒன்பதாவது ரெஜிமென்டின் லாக்கிலா பட்டாலியன் மட்டும் தெற்கே தள்ளி, அப்ருட்ஸோ மலைக்காரர்களுடையது.

கம்பெனி எண்களில் ஒரு புதிர் உண்டு. தோல்மெத்ஸோவில் இருந்தவை 6, 12, 72ஆம் கம்பெனிகள். சிவிதாலேயில் 16, 20, 76. ஏன் இப்படித் தாவுகின்றன? ஆல்பினியில் எண்கள் ஒவ்வொரு ரெஜிமென்டிலும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. படை முழுவதற்கும் ஒரே வரிசை. ஜெமோனாவுக்கு மட்டும் 69, 70, 71 என்று அடுத்தடுத்து அமைந்துவிட்டது!

சரி, இப்போது பீரங்கிக் கொட்டிலுக்குள் வாருங்கள். இங்கேதான் நான் குதித்தே விட்டேன். ஜூலியாவின் முக்கியமான ஆயுதம் 75 மில்லிமீட்டர் ஸ்கோடா ஹவிட்சர். முதல் உலகப்போரில் தோற்ற ஆஸ்திரிய ஹங்கேரியிடமிருந்து வந்த பீரங்கி வகை. அறுநூறு கிலோவுக்கு மேல் எடை. ஆட்டுப்பாதை மட்டுமே உள்ள மலையில் இதை எப்படி ஏற்றுவது? கழற்றிவிடுவார்கள்! குழல் தனி, தொட்டில் தனி, சக்கரங்கள் தனி, கேடயம் தனி என ஏழு சுமைகள். ஒவ்வொரு சுமைக்கும் ஒரு கோவேறு கழுதை. சுமைச் சேணத்தில் எடை இருபுறமும் சமமாக நிற்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் கழுதையோடு பீரங்கியும் பள்ளத்தில். கழுதை ஏற முடியாத இடம் வந்தால் மனிதத் தோள்கள்தான். உச்சிக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி பூட்டிச் சுட வேண்டும்.

ஒவ்வொரு கழுதைக்கும் பதிவு எண் உண்டு. அதை நடத்திப்போகிறவருக்கு ‘கொந்துச்சேந்தே’ என்று பெயர். தன் பசிக்கு முன் கழுதையின் பசி, தன் காலுக்கு முன் அதன் குளம்பு. ராணுவத்தில் ஜெனரல்களைப் பற்றியே எழுதிக் குவிக்கிறோம். ஒரு மலை டிவிஷனின் உயிர் இந்தச் சேணக் கயிற்றைப் பிடித்த கைகளில்தான் இருந்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இவ்வளவு அழகாகக் கோத்த படையை முசோலினி அநியாயமான போர்களுக்கு அனுப்பினார். 1940 அக்டோபர் 28 அன்று அல்பேனியாவிலிருந்து கிரேக்கத்துக்குள் நுழைந்த ஜூலியா, பிண்டஸ் மலைகளைக் கடந்து மெத்ஸோவோ கணவாயைப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். அடைமழை, சேறு, பின்னால் அறுந்துபோன உணவு வழி. தங்கள் நாட்டைக் காக்க நின்ற கிரேக்கர்கள் இருபுறமும் நெருக்க, நவம்பர் தொடக்கத்திலேயே சண்டையிட்டபடி பின்வாங்க வேண்டியதாயிற்று.

அங்கே நடந்த ஒன்றை நினைத்தால் மனம் ஆறவில்லை. பிண்டஸ் கிராமத்துப் பெண்கள் குண்டுகளையும் உணவையும் முதுகில் சுமந்து கிரேக்க வீரர்களுக்குக் கொண்டுபோனார்கள். அதே வேலையை முதல் உலகப்போரில் தோல்மெத்ஸோவைச் சுற்றிய கார்னியா மலைப் பெண்கள் செய்திருந்தார்கள். முதுகுக் கூடையில் வெடிமருந்து ஏற்றி, இத்தாலிய முன்னணி வரை ஏறியவர்கள். அவர்களில் ஒருவரான மரியா ப்ளோஸ்னர் மெந்தில், நான்கு குழந்தைகளின் தாய், 1916 பிப்ரவரியில் குறிபார்த்துச் சுட்ட ஆஸ்திரியச் சிப்பாயின் குண்டுக்குப் பலியானார். அந்தத் தலைமுறைத் தாய்மாரின் பிள்ளைகள்தான் 1940இல் கிரேக்கத் தாய்மாருக்கு எதிரே நிறுத்தப்பட்டார்கள்.

ஊர்வாரியாக ஆளெடுப்பதன் மறுபக்கம் 1942 மார்ச் 28 இரவு தெரிந்தது. கிரேக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கலிலேயா கப்பலை ‘புரோட்டியஸ்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்தது ஜெமோனா பட்டாலியன். சுமார் ஆயிரம் பேர் கடலில் மாண்டார்கள். கலப்புப் படையாக இருந்தால் அந்தத் துக்கம் நாடு முழுக்கச் சிதறியிருக்கும். இங்கே ஒரு சில பள்ளத்தாக்குகளின் வீடுகளுக்கே மொத்தமாக வந்து சேர்ந்தது.

பிறகு ரஷ்யா. 1942 கோடையில் ஜூலியா, த்ரிதெந்தினா, குனேயென்ஸே என்ற மூன்று ஆல்பினி டிவிஷன்கள் புறப்பட்டன. காகசஸ் மலைக்கு என்று சொல்லிக் கயிறு, பனிக்கோடரி, கழுதைகளோடு அனுப்பினார்கள். நிறுத்தியதோ டான் ஆற்றங்கரைச் சமவெளியில்! டிசம்பர் நடுவில் சோவியத் தாக்குதலில் தெற்கே முன்னணி உடைந்தபோது, ஆற்றங்கரைப் பதுங்குகுழிகளிலிருந்து ஜூலியாவை எடுத்து வெட்டவெளிப் பனியில் அந்த இடைவெளியை அடைக்க வைத்தார்கள். ஆணியடித்த தோல் பூட்ஸ் குளிரை நேராகக் காலுக்கு இழுத்தது. எதிரே ரஷ்யர்கள் அழுத்திய கம்பளி பூட்ஸில் நின்றார்கள். ஒரு மாதம் தாக்குப்பிடித்த பின், ஜனவரி 17 அன்று பின்வாங்கும் ஆணை வந்தது. ஜூலியாவின் தளபதி ரிக்காஞ்ஞோ வலூய்கி அருகே சிறைப்பட்டார். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இந்தக் கதை நமக்குத் தெரிய ஒரு டாக்டர் காரணம். ஜூலியாவின் பீரங்கிப் பிரிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜூலியோ பெதெஸ்கி, தன் நினைவுகளை நாவலாக எழுதினார். பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1963இல் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்றது. ‘ஒரு இலட்சம் பனிக்கட்டித் தூக்குகள்’ என்பதுதான் அதன் தலைப்பு; உறைந்துபோன சாப்பாட்டுத் தூக்குகள்!

போருக்குப் பின் 1949இல் ஜூலியா ஒரு பிரிகேடாக மறுபிறவி எடுத்தது. 1976 மே 6 இரவு ஃப்ரியூலி நிலநடுக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். ஜெமோனா ராணுவக் குடியிருப்பு இடிந்து 29 ஆல்பினி வீரர்களும் அதில் மாண்டார்கள். தப்பியவர்கள் அந்த இரவிலேயே ஊர் இடிபாடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். ஆல்பினி சங்கம் இத்தாலி எங்குமிருந்து முன்னாள் வீரர்களை அழைத்து வேலை முகாம்கள் போட்டது. கொத்தனாரும் தச்சருமாக வந்து கூரை போட்டுக் கொடுத்தார்கள். என் கணக்கில் ஜூலியா மரபின் மிகப்பெரிய வெற்றி இதுதான். எந்தப் போர்க்களத்திலும் கிடைத்ததல்ல.

கழுதைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 1993இல் ராணுவம் கடைசிக் கழுதைகளை பெல்லூனோவில் ஏலம் விட்டது. இறைச்சிக்குப் போய்விடக் கூடாதென்று பழைய ஆல்பினி வீரர்களே திரண்டு வந்து ஏலம் எடுத்தார்கள். அவற்றில் இரோஸோ என்ற கழுதை நாற்பது வயது வரை வாழ்ந்து 2019இல்தான் இறந்தது. நாற்பது வயது!

2005இல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்ட பிறகு ஊர்க்கணக்கு தளர்ந்துவிட்டது. இன்றைய ஜூலியா பிரிகேடில் தெற்கு இத்தாலிப் பிள்ளைகளும் தாராளமாக இருக்கிறார்கள். எட்டாவது ரெஜிமென்ட் வென்ஸோனேயில் இருக்கிறது, தோல்மெத்ஸோ பட்டாலியனின் பெயர் உயிரோடு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஏதாவது ஓர் இத்தாலிய நகரத்தில் ஆல்பினி பெருங்கூட்டம் நடக்கும். இலட்சக்கணக்கில் இறகுத் தொப்பிகள் தெருவை நிறைக்கும். அந்தச் சமயம் நீங்கள் இத்தாலியில் இருந்தால், யாராவது ஒரு பெரியவரிடம் எந்தப் பட்டாலியன் என்று மட்டும் கேளுங்கள். நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள், ஊர்க்கதை முழுவதும் வரும்!