நிறம் நோயில்லை, மருந்து தேடாதீர்கள்

தோல் மருத்துவரிடம் இப்போது வரும் பதின்வயதுப் பிள்ளைகள் பலரின் முகத்தில் ஒரே மாதிரியான சேதம் தெரிகிறது. கன்னம் சிவந்திருக்கிறது. வெயில் பட்டால் எரிகிறது. மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைபோல வெளியே தெரிகின்றன. பருக்கள் கொத்துக் கொத்தாகப் புறப்பட்டிருக்கின்றன. சில பெண்பிள்ளைகளுக்கு முகத்தில் ரோமமும் அடர்ந்திருக்கிறது. என்ன தடவினாய் என்று கேட்டால், முதலில் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். மீண்டும் மீண்டும் கேட்ட பிறகே பையிலிருந்து ஒரு ட்யூப் வெளியே வரும். மெடிக்கலில் கேட்டு வாங்கியது, பார்லரில் கொடுத்தது, தோழி போட்டது என்று அதற்கு ஒரு பூர்வீகம் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் தடவி, இனி மறைக்க வழியில்லை என்றான பிறகே வருகிறார்கள். எதற்காகத் தடவினாய் என்ற கேள்விக்கு மட்டும் பதில் உடனே வந்துவிடுகிறது: "கறுப்பா இருக்கேன்." தடவத் தொடங்கிய நாளில் பலருக்குத் தோலில் ஒரு நோயும் இருந்ததில்லை. தன் முகம் தனக்கே பிடிக்காமல் போன வேதனைக்குத்தான் அவர்கள் மருந்து தேடினார்கள். மனதில் பட்ட காயத்துக்குத் தோலில் மருந்து போட்டால் காயம் ஆறாது, தோலும் கெடும்.

ட்யூபுக்குள் இருப்பது என்ன?

சீட்டில்லாமல் கைமாறும் இந்தக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் மூன்றும் கலந்திருக்கும். மங்கு போன்ற நோய்க்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து இது. பவுடர்போலத் தினமும் பூச இது அழகுப்பொருள் அன்று. இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் 90.5 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், "முகம் வெளுக்க ஏதாவது குடுங்க" என்று கேட்கும் பள்ளிப் பிள்ளைக்கு ட்யூபை எடுத்து நீட்டுவதை எந்தச் சமாதானத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பெயர் தெரியாத, தயாரிப்பு விவரம் இல்லாத க்ரீம்களில் பாதரசமும் கலந்திருக்கலாம். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது தோல் வழியே இறங்கிச் சிறுநீரகம்வரை போயிருக்கிறது.

"ரெண்டே வாரத்தில் வெளுத்ததே!"

வெளுத்தது உண்மைதான், பிள்ளைகள் ஏமாறுவதும் அந்த இரண்டு வாரத்தில்தான். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நிறமி உற்பத்தியை அடக்குகிறது. அதனால் முகம் பளிச்சென்று தெரியும். அதே வேகத்தில் தோல் மெலியத் தொடங்கியிருக்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். அதற்குப் பயந்து மறுபடியும் பூசுவார்கள், மறுபடியும் ட்யூப் வாங்குவார்கள். ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால், எந்தக் கறுப்புக்கு அஞ்சிப் பூசினார்களோ அதைவிடக் கருத்த நீலத் திட்டுகள் படியக்கூடும். அவற்றைப் போக்குவது மிகக் கடினம்.

க்ரீம் வேண்டாம், இயற்கையாகவே பார்த்துக்கொள்கிறோம் என்பவர்கள் எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் தேய்க்கிறார்கள், பருவின் மேல் பற்பசை வைக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், கருந்தழும்பும் விழலாம். தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை. சோடா அதைக் குலைக்கிறது. பற்பசை பருவைப் புண்ணாக்குகிறது. சமையலறையில் இருக்கிறது என்பதற்காக ஒரு பொருள் முகத்துக்கு ஏற்றதாகிவிடாது. கர்ப்பிணி குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. நிறத்தைத் தீர்மானிப்பவை மரபணுக்கள். நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பானவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதலாக உள்ள நிறமி, வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் குடை. நம் வெயிலுக்கு ஏற்ற அந்தக் குடையைக் காசு கொடுத்துக் கிழித்துக்கொள்கிறோம்.

வெறுப்பைக் கற்றுத் தருவது யார்?

எந்தக் குழந்தையும் தன் நிறத்தை வெறுத்தபடி பிறப்பதில்லை. வெளுத்திருந்தால் "நல்ல கலர்" என்கிறோம். அப்போது மற்ற நிறங்கள் கெட்டவை என்று பிள்ளை தானே புரிந்துகொள்கிறது. "கறுப்பானாலும் களையா இருக்கா" என்று பாராட்டுவதாக நினைத்துச் சொல்கிறோம். அந்த "ஆனாலும்" பிள்ளையின் காதில் அழுந்த விழுகிறது. நிறம் ஒரு குறை, களை அதற்கு ஈடு என்று அதற்குப் பொருள்.

இத்தகைய மனக்குறையைச் சூழலால் புதிதாக ஊட்ட முடியும் என்பதற்கு ஃபிஜித் தீவில் நடந்த ஆய்வு சான்று. அங்கே ஒரு வட்டாரத்துக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. அந்தச் சமயத்தில் உணவு, உடல் குறித்துக் கவலைக்கிடமான மனப்போக்கு 12.7 சதவீதப் பள்ளி மாணவிகளிடம் இருந்தது. 1998-இல் அதே வயது மாணவிகளிடம் மறுபடி ஆராய்ந்தபோது அது 29.2 சதவீதம். திரையில் கண்ட உடல்வாகு மூன்றே ஆண்டுகளில் அவர்களின் அளவுகோல் ஆகிவிட்டது. இன்று திரை நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கிறது. முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபி மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஃபில்டரோ தோலை மெழுகாக்குகிறது. இரண்டிலும் தெரிவது உண்மை முகம் இல்லை. பிள்ளை நடுவில் நின்று தன்னை வெறுக்கிறது.

புகழ்ந்தால் சரியாகுமா?

"நீதான் உலகிலேயே அழகு" என்று சொல்லிவிட்டால் போதும் என்று சில பெற்றோர் நம்புகிறார்கள். 2014-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளை மிகைப்படுத்திப் புகழ்ந்தபோது, அவர்கள் அடுத்த சவாலை எடுக்கத் தயங்கினார்கள். அந்த உயரத்தைத் தக்கவைக்க முடியாதோ என்ற அச்சம் அது. மேலும், அழகைப் புகழ்வதும் பிள்ளையின் மதிப்பை முகத்திலேயே கட்டிவைக்கிறது. ஒரு பரு வந்தால் அந்த மதிப்பு சரிந்துவிடும். செய்த வேலையைக் கவனித்துச் சொல்லுங்கள். தோற்ற நாளிலும் அதே முகத்தோடு பேசுங்கள். தோற்றாலும் இந்த வீட்டில் என் இடம் மாறாது என்ற உறுதியிலிருந்துதான் தன்மதிப்பு வளர்கிறது.

"ஊர் நிறம் பார்க்கிறதே, டாக்டர்"

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பெண் பார்க்கும்போதும் மேடையில் முன்வரிசைக்கு ஆள் எடுக்கும்போதும் நிறம் பார்க்கிறார்கள். ஆனால் ஊரின் அநீதிக்குப் பிள்ளையின் தோல் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? நிறவெறுப்பை எதிர்த்து 2009-இல் சென்னையிலிருந்து ஓர் இயக்கம் புறப்பட்டது. 1975 முதல் விற்ற புகழ்பெற்ற சிவப்பழகு க்ரீம் ஒன்று, 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லையே கைவிட்டது. எதிர்த்துக் கேட்டால் வணிகமும் அசைகிறது என்றால், நம் வீட்டுப் பேச்சு அசையாதா?

தன்னை ஏற்றுக்கொள்ளச் சொன்னால் பிள்ளை முயற்சியை விட்டுவிடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. பருவுக்கு மருத்துவம் இருக்கிறது, பெற்றுக்கொள்ளட்டும். உடற்பயிற்சி செய்யட்டும். தன்னை வெறுப்பவர் விரைவு பலன் தேடி ட்யூபுக்குப் போகிறார். தன்மேல் அக்கறை உள்ளவர்தான் பொறுமையாகச் சிகிச்சை எடுக்கிறார்.

எப்போது உதவி தேட வேண்டும்?

புகைப்படம் என்றால் ஒளிவது, வீட்டிலும் முகக்கவசத்தைக் கழற்ற மறுப்பது, மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, செத்துவிடலாம் என்று பேசுவது. இவற்றில் எதையும் வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். சாவைப் பற்றிய பேச்சென்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம். க்ரீம் பூசியவர்கள் அந்த ட்யூபையும் கையோடு கொண்டு தோல் மருத்துவரிடம் வாருங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். தேவையெனில் சிறுநீரில் புரதமும், ரத்தத்தில் பாதரசமும் சோதிக்கப்படும்.

ஒரு வேண்டுகோள்

மருந்துக் கடைக்காரர்களே, சீட்டில்லாமல் கேட்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் மறுக்கும் ஒரு ட்யூப் ஒரு முகத்தைக் காப்பாற்றும். ஆசிரியர்களே, நிறத்தைச் சொல்லி வைக்கும் பட்டப்பெயர் வகுப்பில் ஒலித்தால் சிரித்துக் கடக்காதீர்கள். பெற்றோரே, உறவினரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மகள் முன்னாலும் மகன் முன்னாலும் நிறத்தை எடைபோடாதீர்கள். விருந்துக்கு வந்தவர் "கறுப்பானாலும்" என்று தொடங்கினால், மரியாதை பாராமல் அங்கேயே நிறுத்துங்கள். அவர் கொஞ்சம் சங்கடப்படுவார், பரவாயில்லை. தனக்காக அம்மாவோ அப்பாவோ பேசியதை அந்தப் பிள்ளை கேட்டிருக்கும். ட்யூபைத் தேடிப் போகாமல் அதைத் தடுக்க, அந்த ஒரு குரலுக்கு வலிமை உண்டு.