தோல்வரை இறங்கும் ஆயில் கறை

கார் ஒர்க் ஷாப்பில் வேலை பார்ப்பவரின் பேன்ட் பாக்கெட்டைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். கையைத் துடைத்த வேஸ்ட் துணி அதில் செருகியிருக்கும். அதிலிருந்து கசிந்த கறுப்பு ஆயில் தொடைவரை இறங்கியிருக்கும். இனிப் போகாது என்று விட்டுவிட்டு, அதே பேன்ட்டை நாள்கணக்கில் மாட்டிக்கொள்பவர்கள் பலர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

புதிய ஆயிலைவிட, என்ஜினில் ஓடிக் கறுத்த ஆயில் கெடுதலானது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள், கரித்துகள், உலோகத் தூள் எல்லாம் அதில் சேர்கின்றன. இத்தகைய ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய சோதனைகளில் புற்றுக்கட்டிகள் தோன்றின. மனிதர்களுக்குப் பொதுவாக வருவது தோல் வறட்சி, அரிப்பு, மயிர்க்கால்களில் பரு. எப்போதோ தெறித்த ஒரு துளிக்குப் பயப்பட வேண்டாம். ஆயில் ஊறிய துணி வருடக்கணக்கில் உடம்பை உரசுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் இதற்குச் சாட்சி. அங்கே ‘மியூல்’ என்ற நூற்பு இயந்திரத்தின் கதிர்களிலிருந்து தெறித்த மினரல் ஆயில், தொழிலாளர்களின் கால்சட்டையில் ஊறிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு விதைப்பையில் தோல் புற்றுநோய் வருவதை 1922-ல் மான்செஸ்டர் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதைத் தடுக்கத் தனி விதிகள் வந்தது 1953-ல்தான்.

இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மினரல் ஆயிலால் வரும் தோல் புற்றுநோயைத் தொழில்வழி நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில்வழி நோய்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கை, உடம்பு கழுவும் வசதியைத் தொழிற்சாலை நிர்வாகம் செய்து தர வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆறாத புண்ணோ, மருபோல வளரும் தடிப்போ தெரிந்தால், என்ன வேலை பார்க்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லி, சிகிச்சைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு இழப்பீடு கேட்க அது ஆதாரமாகும்.

இனி கறை. தேய்த்தால் பரவும், எனவே முதலில் பழைய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கறைக்குப் பின்பக்கம் ஓர் அட்டையை வைத்து, மேலே முகப்பவுடரையோ சோளமாவையோ கொட்டி அரை மணி நேரம் விட்டால் ஆயிலை உறிஞ்சும். அதை உதறிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடைத் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிடலாம். பிறகு துணி தாங்கும் அளவு வெந்நீரில், மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். கறை முழுவதும் போகுமுன் அயர்ன் செய்தால் சூட்டில் அது படிந்துவிடும். மறுபடி ஒருமுறை லிக்விட் போட்டுத் துவைப்பதே வழி. பட்டு, கம்பளி என்றால் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடலாம்.

பெட்ரோல், தின்னர் ஊற்றிக் கறை எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பத்திலேயே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். அந்தத் துணியை வாஷிங் மெஷினில் போடுவது அதைவிட மோசம். கையையும் சோப்பால்தான் கழுவ வேண்டும்.

ஒர்க் ஷாப் நடத்துபவர்கள் வேலைக்குத் தனி உடுப்பு, கையுறை, சோப்பு, தண்ணீர் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். வேலை பார்ப்பவர்கள் வேஸ்ட் துணியைப் பாக்கெட்டில் செருகுவதை இன்றே நிறுத்த வேண்டும்.