போதாத துவக்கும் காயப்பட்ட விலங்கும்

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் நெற்கதிர் பால்பிடிக்கும் காலம் வந்துவிட்டால், உழவர் மத்தியில் பழைய கோரிக்கையொன்றும் மீண்டும் எழும். யானையும் குழுமாடும் பன்றியும் வயலை அழிக்கின்றன, எனவே காவலுக்குத் துவக்குத் தாருங்கள் என்பதே அக்கோரிக்கை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக்கரையில் கூடுவோரிலும், காத்தான்குடி, ஏறாவூர்ப் பள்ளிவாசல்களில் தொழுது திரும்புவோரிலும் உள்நாட்டு வட்டைகளில் காணி வைத்திருப்போர் பலர். இரவில் வாடியில் கண்விழிப்பவன் தமிழனாயினும் முஸ்லிமாயினும் அவனது அச்சம் ஒன்றே, இழப்பும் ஒன்றே. ஆகவே அக்கோரிக்கையின் நியாயத்தை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த விலங்குக்கு எந்தத் துவக்கு, எத்தகைய ரவை என்ற கேள்வி எழுப்பப்படாமலேயே இவ்விவாதம் ஆண்டுதோறும் நடந்து முடிகிறது. உயிர்கள் தங்கியிருப்பது அந்தக் கேள்வியின் விடையில்தான்.

முதலில் விலங்கை அறிந்துகொள்வோம். வெள்ளையர் 'பைசன்' என்று பெயரிட்டழைத்தது இரு வேறு விலங்குகளை. ஒன்று அமெரிக்கச் சமவெளியின் காட்டெருது. மற்றையது தென்னிந்திய மலைக்காடுகளில் வாழ்வதும் தமிழகத்தார் காட்டெருமை என்று அழைப்பதுமான பெருமாடு. இதில் முற்றிய கடா ஆயிரம் கிலோகிராம் வரை வளரும். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கொல்வதைத் தடைசெய்துள்ளது. இவ்விலங்கு ஒரு காலத்தில் நமது தீவிலும் இருந்தது. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் அதனைக் குறிப்பிட்டிருக்கிறார். அரசனது விலங்குகளிடையே ஒன்றை மட்டுமே தாம் கண்டதாக அவர் எழுதியதிலிருந்து, அப்போதே அது அருகிவிட்டது என்று கொள்ளலாம். இன்று இலங்கையில் அது இல்லை.

நம்மிடம் எஞ்சியிருப்பது குழுமாடு எனப்படும் காட்டெருமையே. தூய காட்டினம் எது, பட்டியிலிருந்து விலகிக் காடேறிய எருமையின் வழித்தோன்றல் எது என்பதில் விலங்கியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும் அதன் உடற்கட்டு ஒன்றே. சேற்றில் புரண்டு காய்ந்த தடித்த தோல், அகன்ற விலா எலும்புகள், தாழ்வாக முன்னங்கால்களுக்கிடையே அமைந்த இதயம், கனத்த கொம்படியால் காக்கப்பட்ட மண்டை. இவை யாவும் ஈயத்தைத் தடுத்து நிறுத்தும் அரண்கள்.

இந்த அரணின் வலிமையை நன்கு பதிவு செய்தவர் சாமுவேல் பேக்கர். 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய இந்த ஆங்கிலேய வேட்டைக்காரர், மின்னேரிக் குளக்கரையில் தமது சகோதரருடன் எருமை வேட்டையாடியதை விரிவாக எழுதியுள்ளார். பல குண்டுகள் பட்டும் கடா விழவில்லை. குண்டுகள் தீர்ந்துபோன நிலையில், சட்டைப்பையில் இருந்த சில்லறை நாணயங்களைத் துணியில் பொதிந்து குழலில் திணித்து, பாய்ந்து வந்த கடாவின் நெற்றியில் மிக அருகில் சுட்டார். கடா மயங்கி உருண்டது, இறக்கவில்லை. அந்த இடைவெளியில் இருவரும் ஓடித் தப்பினர். பேக்கரிடம் 21 இறாத்தல் எடையும் 4 அவுன்ஸ் குண்டும் கொண்ட பெருந்துவக்கு ஒன்றும் இருந்தது. பெரிய விலங்குக்குப் பாரமான குண்டும் மிகுந்த வெடிமருந்தும் வேண்டும் என்பதை அவர் விடாது வற்புறுத்தியதன் பின்னணியில் இத்தகைய அனுபவங்கள் உள்ளன. அவரது வேட்டை வெறியை நாம் போற்றவில்லை. ஆனால் அவரது சாட்சியம் பயனுள்ளது. தேர்ந்த குறிகாரனைக்கூடப் போதாத குண்டு கைவிட்டுவிடும்.

'போதுமான துவக்கு' என்பதை எவ்வாறு அளப்பது? அளவுகோல்கள் மூன்று.

முதலாவது, குண்டின் இயக்கப்பாட்டுச் சக்தி. இது குண்டின் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது, யூல் என்னும் அலகில் கணிக்கப்படுவது. சட்டப்படி வேட்டை நடைபெறும் நாடுகள் இதற்குக் கீழெல்லை வகுத்திருக்கின்றன. சிம்பாப்வேயில் எருமை, யானை, நீர்யானை ஆகியவற்றுக்குக் குழல்வாயில் 5,300 யூல் சக்தியும் 9.2 மில்லிமீற்றர் விட்டமும் குறைந்தபட்சத் தேவை. 1912 இல் இங்கிலாந்தின் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய .375 ரைபிள் ரவை இந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது. அதன் குண்டு 19 கிராமுக்கு மேற்பட்ட எடையுடன் செக்கனுக்கு ஏறத்தாழ 770 மீற்றர் வேகத்தில் புறப்பட்டு, சுமார் 5,700 யூல் சக்தியைத் தருகிறது. ஆபிரிக்க எருமைக்கு அதனையே தொடக்க அளவாகக் கொள்வது வழக்கம்.

இரண்டாவது, ஊடுருவல். சக்தி இருந்தால் மட்டும் போதாது, அது இதயத்தையோ நுரையீரலையோ சென்றடைய வேண்டும். ஒரே எடையுள்ள குண்டுகளில் நீண்டு ஒடுங்கியது ஆழமாகச் செல்லும். உருண்டை ஈயம் எலும்பில் பட்டதும் தட்டையாகி நின்றுவிடும்.

மூன்றாவது, குண்டின் ஆக்கம். மென்முனைக் குண்டு உடலுள் விரிந்து அகன்ற காயத்தை உண்டாக்கும். முழுவதும் உலோகம் போர்த்திய குண்டு விரியாமல் நேராக ஊடுருவும். எருமைக்கு விரிந்தும் உடையாமல் செல்லும் கட்டுறுதியான குண்டு வேண்டும். இவையனைத்தும் சரியாக அமைந்தாலும், தோளின் பின்புறம் தாழ்வாக அமைந்த உயிர்நிலையில் குறி தவறாது படவேண்டும். கும்மிருட்டில் டோர்ச் வெளிச்சத்தில், நடுங்கும் கையுடன் இது எத்துணை சாத்தியம் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது நமது வட்டைகளில் பயிர்க்காவலுக்கென வழங்கப்படும் துவக்குக்கு வருவோம். அது பெரும்பாலும் '12 போர்' எனப்படும் சொட்கன். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்று கொள்ளும் அளவு குழலுடையது என்பதே அப்பெயரின் பொருள். அதில் இடப்படும் எஸ்.ஜி. தோட்டாவின் சன்னம் ஒவ்வொன்றும் சுமார் 3.5 கிராம் எடையுடையது. செக்கனுக்கு 400 மீற்றர் வேகமெனக் கொண்டால், ஒரு சன்னத்தின் சக்தி 280 யூல் மட்டுமே. தோட்டாவில் உள்ள எட்டு, ஒன்பது சன்னங்களையும் கூட்டிப் பெருந்தொகை காட்டுவதில் பயனில்லை. அவை ஒரே துளை வழியே செல்வதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே தோலைத் துளைத்துத் தசையில் தங்கிவிடும். தூரம் கூடக்கூடச் சிதறலும் கூடும், வேகமும் குறையும். பன்றிக்கு அருகில் நின்று சுட இது போதும். எருமைக்குப் போதாது. யானைக்கோ அது வெறும் எரிச்சல்.

போர்க்காலம் நம் மண்ணில் பரப்பிய ரி-56 துப்பாக்கியும் இதற்கு விதிவிலக்கன்று. அதன் 8 கிராம் குண்டின் சக்தி ஏறத்தாழ 2,000 யூல். சிம்பாப்வே வகுத்த எல்லையில் அது பாதிக்கும் குறைவு. பட்டறையில் செய்யப்படும் இடியன் துவக்கும், காட்டுப்பாதையில் கம்பி இழுத்துப் பொருத்தப்படும் கட்டுத்துவக்கும் இன்னும் மோசமானவை. கட்டுத்துவக்கு வருவது விலங்கா விறகு பொறுக்கும் பெண்ணா என்று பார்ப்பதில்லை.

போதாத துவக்கின் விளைவு என்ன? விலங்கு சாவதில்லை, காயப்படுகிறது. சீழ்பிடித்த காயத்துடன் வாரக்கணக்கில் அலைகிறது. காயம்பட்ட எருமைக்கடா பற்றைக்குள் பதுங்கி நின்று தேடிவருபவனைத் தாக்கும் என்பது வேட்டைக்காரர் யாவரும் அறிந்தது. காயம்பட்ட யானை மனித வாடைக்கே சினங்கொள்ளக்கூடும். சுட்டவன் அன்றிரவே வீடு திரும்பிவிடுகிறான். அதன் விலையைக் கொடுப்பவன் மறுநாள் காலை அவ்வழியே மாட்டைத் தேடிச் செல்லும் முல்லைக்காரன், அல்லது தயிர்ச்சட்டியுடன் துவிச்சக்கர வண்டியில் வரும் பட்டிக்காரன். 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் இலங்கையில் ஆண்டுக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் உயிரிழந்தனர். துவக்குச்சூடு யானை மரணங்களின் முக்கிய காரணங்களில் ஒன்று. அத்தனை சூடும் மனித உயிர்களைக் காப்பாற்றிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இங்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நமது பட்டி எருமைகள் ஆண்டில் பெரும்பகுதியைக் காட்டோரங்களில் கழிப்பவை. இருளில் குழுமாட்டுக்கும் பட்டி எருமைக்கும் வேறுபாடு தெரியாது. உடலில் சுட்ட குறி விடிந்த பின்னரே கண்ணுக்குப்படும். அந்தக் குறி பக்கத்து ஊரவருடையதாக, மற்றைய சமூகத்தவருடையதாக இருந்துவிட்டால், ஒரு சன்னம் இரு ஊர்களைப் பகையாக்கப் போதுமானது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரை தொடர்பாக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கிய பண்ணையாளர்கள், தங்கள் மாடுகள் சுட்டும் வெடிவைத்தும் கொல்லப்படுவதாக முறையிட்டதை நாம் மறந்துவிடலாகாது. எருமைக்கு வைத்த குறி அயலவனின் வாழ்வாதாரத்தில் விழுந்துவிடக் கூடாது.

சமய நெறியும் இதனையே கூறுகிறது. பிராணியை அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நபிகளாரின் போதனை. போதாத துவக்கு மழுங்கிய கத்திக்கு ஒப்பானது. சுடப்பட்டு அறுக்கப்படாமல் இறந்த விலங்கின் இறைச்சி ஆகுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தேவையின்றி உயிரை வதைப்பது கூடாது என்பதில் வேறுபாடு இல்லை. கொல்லாமையை அறங்களில் தலையாயதாக வைத்த தமிழ் மரபுக்கும் இது உடன்பாடே.

சட்டத்தின் நிலையையும் தெளிவாக்குவது அவசியம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் துவக்கை வைத்திருப்பதற்கான உரிமையே. பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்லும் உரிமையை அது தருவதில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதன்மேல் நிற்கிறது. அப்படியாயின் எருமைக்கும் யானைக்கும் போதுமான ரைபிளை உழவனுக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். மூன்று தசாப்தப் போரில் துவக்கின் நிழலில் வாழ்ந்த மாவட்டம் இது. சில கிலோமீற்றர் பாய்ந்து செல்லக்கூடிய குண்டுகளை மீண்டும் ஊருக்குள் அனுமதிப்பதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆக, சட்டம் தரும் துவக்கு போதாது, போதுமான துவக்கைத் தரவும் முடியாது. இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால்தான் வேறு வழியைத் தேடுவோம்.

அவ்வழி புதியதுமன்று. 2020 இல் ஜனாதிபதி நியமித்த குழு தயாரித்த யானை–மனித மோதல் தணிப்புச் செயற்றிட்டம், ஊரைச் சுற்றி நிரந்தர மின்வேலியும், வயலைச் சுற்றிப் போக காலத்துக்கு மட்டும் அமைத்துக் கழற்றும் வேலியும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வேலியைப் பராமரிக்கும் பொறுப்பில் கமக்காரர் அமைப்புகளுக்கும் பங்குண்டு. ஒரே வட்டையில் காணி வைத்திருக்கும் தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியே துவக்குக் கேட்பதை விட, ஒன்றாக நின்று ஒரு வேலியைக் கேட்பது வலிமையானது. பட்டிகளுக்கு மேய்ச்சற்றரையை எல்லையிட்டு உறுதிசெய்தால் எருமை வயலுக்கு வருவதும் குறையும். பயிர்ச்சேத, உயிர்ச்சேத நட்டஈடு காலந்தாழ்த்தாது வழங்கப்பட்டால், ஆத்திரத்தில் துவக்கைத் தூக்கும் கைகளும் குறையும்.

காவலுக்கு ஏற்கனவே துவக்கு வைத்திருப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அது ஓசை எழுப்பி விரட்டுவதற்கும் பன்றி போன்ற சிறு விலங்குக்குமான கருவி. அதனைக் குழுமாட்டின் மீதோ யானையின் மீதோ நீட்டாதீர்கள். காயப்பட்ட விலங்கொன்று உங்கள் பகுதியில் நடமாடுவதை அறிந்தால் பின்தொடராமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும், அவ்வழி செல்லும் அயலவருக்கும் உடனே தெரிவியுங்கள்.