எண்ணிக்கை பெருத்தால் உண்மை பெருகுமா?

2008 நவம்பரில் கூகுள் நிறுவனம் 'ஃப்ளூ டிரெண்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. காய்ச்சலும் இருமலும் கண்டவர்கள் மருத்துவரிடம் போவதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள். அந்தத் தேடல்களை எண்ணினாலே அமெரிக்காவில் ஃப்ளூ எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அதன் அடிப்படை. அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களிடமிருந்து கணக்கு வாங்கித் தொகுத்து வெளியிட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். கூகுளுக்கு ஒரு நாள் போதும். அதே ஆண்டில் 'வயர்ட்' இதழின் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன், இவ்வளவு தரவு குவிந்தபின் கோட்பாடும் கருதுகோளும் எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தார். சமூகத்தை அறிய இனி வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை, மக்கள் தாங்களே விட்டுச்செல்லும் மின்னணுத் தடங்களைப் படித்தால் போதும் என்ற நம்பிக்கை அப்போதுதான் வேர்பிடித்தது. அந்த நம்பிக்கையில் பாதி சரி. மின்னணுத் தடங்கள் சமூகத்தைப் பற்றிப் புதிதாகப் பலவற்றைச் சொல்லக்கூடியவை. ஆனால் கள ஆய்வு உடனிருந்து உரசிப் பார்க்கும்வரைதான் அவற்றை நம்ப முடியும்.

ஃப்ளூ டிரெண்ட்ஸுக்கு நேர்ந்ததே இதற்கு முதல் சான்று. கூகுளின் ஆய்வாளர்கள் மக்கள் அதிகம் தேடிய ஐந்து கோடித் தேடல் சொற்களை எடுத்து, எவற்றின் ஏற்ற இறக்கம் பழைய ஃப்ளூ கணக்கோடு ஒத்துப்போகிறது என்று கணினியைக் கொண்டு பார்த்து, 45 சொற்களைத் தேர்ந்தார்கள். இவ்வளவு பெரிய குவியலில் தேடினால் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களும் சிக்கத்தான் செய்யும். பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடல்களும் அப்படிச் சிக்கின. அமெரிக்காவில் அந்த விளையாட்டுக்கும் குளிர்காலம்தான் பருவம், ஃப்ளூவுக்கும் அதுவே பருவம். அவற்றைக் கையால் களைய வேண்டியிருந்தது. 2009இல் பருவம் தப்பி வந்த பன்றிக்காய்ச்சலின் முதல் அலையை ஃப்ளூ டிரெண்ட்ஸ் குறைத்து மதிப்பிட்டது. 2012-13 குளிர்காலத்தில் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைப்போல இரு மடங்குக்கும் மேலாகக் காட்டியது. டேவிட் லேசரும் சக ஆய்வாளர்களும் 2014இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின்படி, 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரங்கள் அது மிகையாகவே மதிப்பிட்டிருந்தது. மையத்தின் பழைய கணக்கை மட்டும் வைத்துச் சாதாரண முறையில் கணித்திருந்தால்கூட அதைவிட நன்றாக வந்திருக்கும். 2015இல் கூகுள் தன் மதிப்பீடுகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது.

பிழை கணிதத்தில் மட்டும் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. லேசர் குழு சுட்டிய காரணங்களில் ஒன்று, கூகுளின் தேடுபொறியே இடையில் மாறிவிட்டது என்பது. ஒன்றைத் தேடினால் தொடர்புடைய வேறு சொற்களைப் பரிந்துரைக்கும் வசதியும், நோய்க்குறிகளைத் தட்டினால் நோயின் பெயரை எடுத்துக்காட்டும் வசதியும் சேர்க்கப்பட்டன. தேடுபவர்களின் வசதிக்கும் நிறுவனத்தின் வணிகத்துக்கும் அவை நல்லவையே. ஆனால் அதன்பிறகு ஃப்ளூ பற்றிய தேடல் கூடினால், காய்ச்சல் கூடியதால் கூடியதா, நிறுவனம் தூண்டியதால் கூடியதா என்று பிரித்தறிய வழியில்லை. வெப்பமானி நோயாளியின் உடம்பைச் சூடாக்குவதில்லை. சமூக வலைத்தளமோ தேடுபொறியோ, தான் அளக்கும் நடத்தையைத் தானே உண்டாக்கவும் செய்கிறது. எந்தப் பதிவு முதலில் தெரிய வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு நிறுவனத்தின் பொறியாளர்கள் எடுக்கும் முடிவுகள், 'மக்களின் மனப்போக்கு' என்ற பெயரில் ஆய்வாளரின் அட்டவணையில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

தரவு இன்னும் பெருகினால் இத்தகைய பிழைகள் தாமாகக் கரைந்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். கோவிட் காலம் அதற்குத் தெளிவான பதில் தந்தது. 2021இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழுவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து, அமெரிக்காவில் வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் விடை பெற்றன. தடுப்பூசி போட்டுக்கொண்டோர் பங்கு, அதிகாரபூர்வக் கணக்கைவிட அந்த ஆய்வில் மே மாதத்தில் 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வந்தது. சுமார் ஆயிரம் பேரை மட்டுமே கேட்ட வேறொரு ஆய்வு, ஆட்களைக் கவனமாகத் தேர்ந்ததால், உண்மைக்கு அருகில் நின்றது. ஃபேஸ்புக் வழி வந்த அந்த லட்சக்கணக்கான விடைகள், சரியாகக் குலுக்கியெடுத்த பத்துப் பேரின் விடைகளுக்குத்தான் சமம் என்று புள்ளியியலாளர்கள் பின்னர் 'நேச்சர்' இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இது புதிய பாடமும் அல்ல. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பி, சுமார் 24 லட்சம் விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகள் பெருமளவு தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை, அதாவது வசதியுள்ளோர் பக்கம் சாய்ந்தவை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது செல்லும். மேலாக இருக்கும் சோற்றை மட்டும் எத்தனை கரண்டி அள்ளிப் பார்த்தாலும் அடிச்சோறு வெந்ததா என்பது தெரியாது.

இந்தியாவில் அந்த அடிச்சோறு யார் என்பதற்குப் புள்ளிவிவரமே இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். அதன்பிறகு நிலைமை மாறியிருக்கும் என்றாலும், வீட்டில் ஒரே கைபேசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் நாட்டில் ஒரு கணக்கு ஒரு ஆளாகிவிடாது. ட்ரெண்டாகும் ஹேஷ்டேக்கை வைத்து நாட்டின் கருத்தைச் சொல்பவர்கள், சொல்லாமலே ஒரு பெரும் பகுதியைக் கழித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். இந்தத் தகவலே நமக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இணையத்தில் இல்லாத பெண்களைப் பற்றி இணையத்தால் சொல்லியிருக்க முடியாது. ஆய்வாளர்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டதால்தான் தெரிந்தது.

பழைய முறைகள் மட்டும் பழுதற்றவையா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய தொலைபேசி ஆய்வுகளில் 1997இல் 36 சதவீதம் பேர் விடையளித்தார்கள். 2018இல் 6 சதவீதம். கேட்பவர் முகம் பார்த்து விடையை மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் மாதிரி ஆய்வு என்ற கலை தன் பிழையைத் தானே அளந்து சொல்லப் பழகியது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய வைத்து, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் முறையை வகுத்தார். யாரைத் தேர்ந்தோம், யார் விடை சொல்லவில்லை, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் அங்கே எழுத்தில் இருக்கும். வலைத்தளத் தரவில் யார் விடுபட்டார்கள் என்பதற்குப் பட்டியலே கிடையாது.

மின்னணுத் தடங்கள் வென்ற இடங்களும் உண்டு. அவையே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ருவாண்டாவில் ஜோஷுவா ப்ளூமென்ஸ்டாக் குழு, 15 லட்சம் பேரின் கைபேசி அழைப்புப் பதிவுகளைக் கொண்டு எந்தப் பகுதியில் வறுமை அதிகம் என்று கணித்து 2015இல் வெளியிட்டது. அந்தக் கணிப்புக்குக் கண் கொடுத்தது, 856 பேரைத் தொலைபேசியில் அழைத்து அவர்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்ட சிறிய ஆய்வு. அதன் முடிவைச் சரிபார்க்க உதவியதும் அரசின் வீட்டு ஆய்வுதான். கோவிட் ஊரடங்கில் டோகோ அரசு இதே வழியில், கைபேசித் தரவையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு ஏழைகளை அடையாளம் கண்டு பணம் அனுப்பியது. கைவசமிருந்த மற்ற வழிகளைவிட இதில் தகுதியுள்ளோர் விடுபடுவது குறைந்தது. ஆனால் எல்லாக் குடும்பங்களும் அடங்கிய சமூகப் பதிவேடு இருந்திருந்தால் இன்னும் குறைவானவர்களே விடுபட்டிருப்பார்கள் என்று இந்தத் திட்டத்தை மதிப்பிட்ட ஆய்வு கூறுகிறது.

இதில் தரவு யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ட்விட்டர் தன் பதிவுகளை ஆய்வாளர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் வழியை 2023இல் மூடியது. ஃபேஸ்புக்கில் எவை பரவுகின்றன என்று பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் கவனிக்க உதவிய 'கிரவுட்டேங்கிள்' கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஒரு நிறுவனத்தின் முடிவால் ஓர் ஆய்வுத்துறையின் மூலப்பொருளே மறைந்துபோகும் என்றால், முன்பு வந்த முடிவை இன்னொருவர் சோதித்துப் பார்க்க இயலாது. சோதிக்க இயலாத முடிவு எவ்வளவு துல்லியமாகத் தோன்றினாலும் அதை அறிவு என்று ஏற்கத் தயங்கத்தான் வேண்டும்.

வீடு வீடாகப் போய்க் கேட்பது தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1881 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடந்துவந்த இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. ஊரகத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர்வரை மானிய தானியம் பெறவேண்டும் என்னும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த எண்ணிக்கையை 2011ஆம் ஆண்டுக் கணக்கை வைத்தே நிர்ணயிக்கிறது. இடையில் பெருகிய மக்கள்தொகை அந்தக் கணக்கில் இல்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பு, செயலி வழியாகவும், விரும்புவோர் தாமே விவரங்களைப் பதியும் வசதியோடும் திட்டமிடப்பட்டிருக்கிறது. கருவி மாறுவது நல்லதே. விரைவும் கூடும், கைப்பிழையும் குறையும். ஆனால் கணக்கெடுப்பாளர் கடைசி வீடுவரை போக வேண்டும் என்ற கடமைக்கு அந்தச் செயலி மாற்றாகிவிடக்கூடாது. பெரிய தரவு என்று யார் எதை முன்வைத்தாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: இதில் யார் இல்லை, இதைச் சேகரித்தவருக்கு இதனால் என்ன பயன், வேறொருவர் இதைச் சரிபார்க்க முடியுமா? இவற்றுக்கு விடையுள்ள சிறிய ஆய்வு, விடையில்லாத கோடிக்கணக்கான பதிவுகளைவிட நம்பத்தக்கது.